மடகாஸ்கர் வண்டிப் பயணம்: கேமராக்காரருக்கு எது தேறும், எது தேறாது

மடகாஸ்கருக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஒரே சரக்குதான்: தலைநகர் அன்டனானரிவோவிலிருந்து ஓட்டுநரோடு ஒரு வண்டி, வழியில் இரவுக்கு அறை, ஒவ்வொரு பூங்காவிலும் ஓர் உள்ளூர் வழிகாட்டி. யாரிடம் வாங்கினாலும் பொட்டலத்துக்குள் இருப்பது ஏறக்குறைய இதுவே. அதனால் இங்கே எந்த நிறுவனத்தின் பெயரும் வராது, சேவைக்குத்தான் மதிப்பெண். வழிகாட்டிகளுக்கு ஐந்துக்கு நாலரை. ஓட்டுநர்களுக்கு நான்கு. வண்டிக்கு மூன்று. பயண நிரலுக்கு ஒன்றரை, அதுவும் தாராள மனசோடு.

நிரலில் என்ன கோளாறு? தீவின் பரப்பு சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. அதைப் பத்து நாளில் சுற்றிக் காட்டிவிடலாம் என்ற கணக்கில் நிரல் போடுகிறார்கள். அதிகம் விற்பது ஆர்என்7 நெடுஞ்சாலைப் பயணம். தலைநகரில் தொடங்கித் தென்மேற்குக் கரையில் துலியாரா வரை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நாட்டுக் கணக்கில் நல்ல சாலைதான். இருந்தும் வளைவு, குழி, மாட்டுவண்டி, ஊர்ச் சந்தை எல்லாம் சேர்ந்து மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சராசரி வராது. முதல் நாள் 170 கிலோமீட்டரில் அன்த்சிராபே, மறுநாள் ரனோமஃபனா மழைக்காடு, அங்கே ஒரு நாள், பிறகு எட்டு ஒன்பது மணி நேரம் ஓடி இசாலோ மணற்பாறைப் பூங்கா, அங்கே ஒரு நாள், அப்புறம் கடற்கரை. சும்மா பார்த்துவர நினைப்பவருக்கு இதில் குறையொன்றுமில்லை. படிவயலும் செம்மண் வீடுகளும் சன்னலில் ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுப்பவருக்கோ நல்ல வெளிச்சமெல்லாம் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

கணக்குப் போட்டால் தெரியும். ஜூன் மாதம் தலைநகர்ப் பக்கம் சூரியன் காலை 6.20 வாக்கில் எழுந்து மாலை 5.20க்கெல்லாம் விழுந்துவிடும். விடுதியில் ஏழு மணிக்குச் சிற்றுண்டி, ஏழரைக்குப் புறப்பாடு, நாலரை ஐந்துக்கு அடுத்த ஊர் என்றால், காலையின் முதல் ஒரு மணி நேரம் ரொட்டிக்கும் காபிக்கும் போகிறது, மாலையின் கடைசி ஒரு மணி நேரம் அறைச் சாவி வாங்குவதில் போகிறது. நடுப்பகலின் உச்சி வெயில் மட்டும் மிச்சம். இருட்டிய பிறகு ஓட்டச் சொல்லி இதைச் சரிக்கட்ட முடியாது. விளக்கில்லாத வண்டிகள், சாலையில் படுத்திருக்கும் திமில் மாடுகள், சில பகுதிகளில் ‘தஹாலோ’ என்று சொல்லும் கொள்ளைக் கும்பல் பயம் எல்லாம் உண்டு. இரவில் ஓட்ட மாட்டேன் என்று சொல்கிற ஓட்டுநர்தான் நல்ல ஓட்டுநர். அதில் அவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.

மாற்ற வேண்டியது புறப்படும் நேரத்தை. இடம் மாறும் நாள்களில் கிழக்கு வெளுத்ததுமே கிளம்பிவிட வேண்டும். சிற்றுண்டியை முதல் நாள் இரவே பொட்டலமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், பிற்பகல் மூன்று மணி வாக்கில் அடுத்த ஊரில் இருக்கலாம், மாலை வெளிச்சம் கைக்கு வரும். அதைவிட முக்கியம், ஊர்களைக் குறைப்பது. பத்து நாளுக்கு ஆறு ஊர் என்றிருந்தால் மூன்றாக்குங்கள். ஒரே இடத்தில் மூன்று இரவு என்று கேட்டால் விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வண்டி சும்மா நிற்கிற நாளுக்கும் வாடகை உண்டு என்பதைச் சொல்லிவிட்டால் சுளிப்பு தானாக விலகும்.

வண்டி பற்றி. காய்ந்த மாதங்களில் ஆர்என்7-க்கு நாலு சக்கரத்துக்கும் விசை போகிற 4x4 வண்டி தேவையே இல்லை. சாதாரண வேன் போதும், அதில் சன்னலும் பெரிது. மேற்குக் கரையில் மொரொன்டாவா ஊருக்கு வடக்கே போகிறீர்கள் என்றால் மட்டும் 4x4 கட்டாயம். எந்த வண்டியானாலும் பின்வரிசையில் மூன்று பேர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு சன்னலும், பையை மடியில் வைத்துத் திறக்க இடமும் இல்லாமல் பத்து மணி நேரம் போவது வீண். ஏசி இன்னொரு தொல்லை. குளிர்ந்த வண்டியிலிருந்து ஈரக் காட்டுக்குள் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுவதும் ஆவி படியும். மேலே துடைத்தாலும் உள்ளே படிந்தது போகக் கால்மணி, அரைமணி ஆகும். சேருமிடத்துக்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். மேற்குப் பக்கம் நேர்மாறு: அங்கே சன்னலைத் திறந்தால் செந்தூசி. மாவு போல நைசான அந்தத் தூசி ஜிப்பின் பல்லிடுக்கிலும் புகும். கேமரா பையை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கட்டி, லென்ஸ் மாற்றுவதை அறைக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கேமரா உடல் எடுத்துப்போனால் இந்தக் கவலையே கிடையாது.

விலையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று எரிபொருள்: நாள்வாடகைக்குள் சேர்ந்ததா, தனியா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது காலி வண்டி. துலியாராவில் இறங்கி விமானம் பிடித்துத் திரும்பினாலும், வண்டி தலைநகருக்கு ஓடித் திரும்புகிற இரண்டு மூன்று நாள் வாடகையும் உங்கள் தலையில்தான். இது ஏமாற்று இல்லை, நியாயமான செலவுதான். ஆனால் பலர் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். ஓட்டுநரின் சாப்பாடும் படுக்கையும் வாடகைக்குள் அடங்கியதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர்கள் பெரும்பாலும் மலகாசியோடு பிரெஞ்சு பேசுவார்கள், சிலர் ஆங்கிலமும் பேசுவார்கள். சந்தையில் ஒருவரைப் படம் எடுக்க அனுமதி வாங்கித் தருவது, தானே ஓடிப்போய் எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்று பார்த்து வருவது என்று கேட்காமலே செய்பவர்கள் அவர்கள். ஆனால் ‘நிறுத்துங்கள்’ என்றதும் நிற்காது. குழி பார்த்து ஓட்டுகிறவர் இருநூறு மீட்டர் தாண்டித்தான் ஒதுங்குவார். நின்று எடுக்க வேண்டிய காட்சிகள் எப்படிப்பட்டவை என்று முதல் நாளே பட்டியல் சொல்லிவிடுவது நல்லது: நாற்று நடுகிறவர்கள், செங்கல் சூளை, ஆற்றில் துணி உலர்த்துகிற கரை. பிறகு அவரே வேகத்தைக் குறைப்பார்.

இனி வழிகாட்டிகள். நாலரை மதிப்பெண் சும்மா வந்ததில்லை.

தேசியப் பூங்காக்களில் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. கட்டணம் பூங்கா அலுவலகப் பலகையில் இருக்கும்: எந்தச் சுற்று, எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறும். தலைநகருக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் அன்டசிபேதான் இந்தச் சேவையை எடைபோடச் சரியான இடம். தூரம் குறைவு என்றாலும், துறைமுக நகரான தோமாசினாவுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எல்லாம் ஆர்என்2 என்ற அதே சாலையில்தான் ஊர்கின்றன. ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரை ஒட்டி 810 ஹெக்டேரில் அனலமசோத்ரா காடு. குரங்குக்கு உறவான லீமர் விலங்குகளில் பெரியதான இந்திரி அங்கே மனிதர்களுக்குப் பழகிய குடும்பங்களாக இருக்கிறது. ஒன்பது கிலோ வரை எடை, கறுப்பு வெள்ளை உடம்பு, குட்டையான வால். உள்ளூரில் ‘பபகோதோ’ என்பார்கள், அதைக் கொல்வது பல ஊர்களில் விலக்கு. விலங்குக்காட்சிச் சாலைகளில் அது உயிர் தரிப்பதில்லை. அதன் காட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

இந்திரி பகலில் இயங்குவது. காலை ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் அதிகம் பாடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து இழுத்துப் பாடுகிற ஓலம் இரண்டு கிலோமீட்டருக்கும் கேட்கும். நல்ல வழிகாட்டிக்கு முதல் நாள் மாலை எந்தக் குடும்பம் எந்த மரத்தில் அடைந்தது என்பது தெரியும். நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். சிக்கல் அதற்குப் பிறகுதான். பட்டியல் வைத்துக்கொண்டு வருகிற பயணிகளுக்குப் பழகியவர்கள் என்பதால், பதினைந்து நிமிடம் ஆனதும் ‘இந்திரி ஆயிற்று, அடுத்தது’ என்று கிளம்பச் சொல்வார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கிடைப்பது, வெள்ளை வானத்தின் எதிரில், முப்பதடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு விலங்கின் பின்புறம்.

இதற்கு மருந்து எளிது. நீண்ட சுற்றுக்குப் பணம் கட்டிவிட்டுக் குறைந்த தூரமே நடப்பது. வழிகாட்டிக்கு முழுக் கூலி கிடைக்கும், உங்களுக்கு நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். ‘ஒரே குடும்பம், இரண்டு மணி நேரம், சரிவான இடம்’ என்று நுழைவாயிலிலேயே சொல்லுங்கள். சரிவின் மேல்பக்கம் ஏறி நின்றால் மரத்தின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வந்துவிடும், பின்னணியில் வானத்துக்குப் பதில் இலை. குளிர்ந்த காலையில் அவை தாமதமாகத்தான் அசையும்; வெயில் ஏறியதும் தளிர் தின்னக் கீழ்க்கிளைகளுக்கு வரும். காத்திருக்கிறவர்களுக்கே அந்தப் படம்.

அளவுகள்: 100-400 லென்ஸ் போதும், 600 மிமீ அந்த அடர்காட்டில் பாதி நேரம் இலையைத்தான் காட்டும். நிழலில் எஃப் 5.6, ஷட்டர் 1/320, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை. வானம் பின்னணியானால் எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் கறுப்பு முடிக்குள் கண்ணே தெரியாது. வெள்ளை முடியைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம், மூடிப்போன கறுப்பிலிருந்து மீட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். தாவலுக்கு 1/1600 வேண்டும். ஒரு தாவலில் பத்து மீட்டர் வரை போகும் விலங்கைப் பின்தொடர முயல்வதைவிட, அது பார்க்கிற அடுத்த மரத்தைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்துக் காத்திருப்பது மேல். காணொளி எடுப்பவர்கள் ஒலிப்பதிவைத் தானியங்கியில் விடாமல் கையால் குறைத்துவிட வேண்டும். அருகில் நின்றால் பதிவில் அந்தக் குரல் உடைந்துபோகும்.

பூங்காவுக்குள் இரவு நடைக்குத் தடை. அதனால் இரவு நடை என்று விற்பதெல்லாம் சாலையோரத்திலோ, ஊர்ச் சங்கங்கள் நடத்தும் காடுகளிலோதான். அன்டசிபேயில் மித்சின்ஜோ, வொய்ம்மா என்ற இரண்டு உள்ளூர்ச் சங்கங்களின் காடுகள் உண்டு. சாலையோரத்தைவிட அவை எவ்வளவோ தேவலாம்: லாரி வெளிச்சம் இல்லை, கூட்டம் குறைவு, கட்டணமும் ஊருக்கே போகிறது. இரவில் பச்சோந்திகள் வெளிறிப்போய்க் கிளை நுனியில் தூங்கும். வழிகாட்டியின் டார்ச் பத்து மீட்டரிலிருந்தே அவற்றைக் கண்டுபிடித்துவிடும். எப்படி என்று கேட்டால் சிரிப்பார்கள். எலி லீமரின் கண் விளக்கில் செந்நிறமாக எரியும். ஃபிளாஷை லென்ஸுக்கு மேலேயே வைத்தால் படத்தில் இரண்டு தணல் மட்டும் விழும். ஃபிளாஷைக் கழற்றி ஒரு முழம் தள்ளிப் பிடித்து, டிஃப்யூசர் போட்டு, ஆற்றலை 1/16க்குக் குறைத்து ஒன்றிரண்டு படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டார்ச்சின் ஓர வெளிச்சத்திலேயே ஐஎஸ்ஓ 6400, 1/60 என்று எடுப்பது இன்னும் நல்லது. பாதி படங்கள் ஆட்டத்தில் போகும்; போகட்டும்.

மதிப்பெண்ணில் குறைந்த அரை எங்கே போயிற்று? சில வழிகாட்டிகள் பச்சோந்தியைக் கிளையிலிருந்து எடுத்து, பின்னணி சுத்தமாக இருக்கிற வேறு கிளையில் வைத்துக் கொடுப்பார்கள். இலைவால் பல்லியைத் தட்டி எழுப்புவார்கள். கைபேசியில் இந்திரியின் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டுப் பதில் பாட வைப்பதும் உண்டு. வேறு குடும்பம் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று நினைத்து அந்த விலங்கு வீணாகப் பதறும். இதெல்லாம் கேமராக்காரர்களின் டிப்ஸ் பழக்கிவிட்ட பழக்கம். ‘தொட வேண்டாம், குரல் போட வேண்டாம், அதற்கும் சேர்த்தே டிப்ஸ்’ என்று முன்கூட்டிச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால் உங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்தே செய்வார்கள்.

ரனோமஃபனாவில் வழிகாட்டியோடு இன்னொருவரும் வருவார். தடம் பார்ப்பவர். அவர் முன்னால் ஓடிக் காட்டுக்குள் லீமரைக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்க, பின்னால் நீங்கள் போகலாம். தனிக் கூலிதான், ஆனால் இந்தப் பயணத்தில் செலவழிக்கிற காசில் மிக நன்றாகப் பலன் தருவது அதுவே. 1986-இல் பொன்னிற மூங்கில் லீமர் இங்கே அறிவியலுக்கு அறிமுகமாகி, அதையொட்டி 1991-இல் பூங்காவானது. ஊரின் பெயருக்கு ‘வெந்நீர்’ என்று பொருள், வெந்நீர் ஊற்று இருக்கிறது. நடைக்குப் பிறகு காலுக்கு இதம். பாதைகள் செங்குத்து, வழுக்கல், மழை எப்போது வேண்டுமானாலும். டிரைபாட் இங்கே சுமை. மடக்கிய ஒற்றைக்கால் கம்பு கைத்தடியாகவும் ஆகும். காலுறைக்குள் பேண்டைச் செருகாவிட்டால் அட்டை ஏறும். பூதக்கண்ணாடி போட்டுத் தேடினாலும் தெரியாத இலைவால் பல்லி, காய்ந்த இலை போலவே நரம்பு, ஓட்டை, கிழிசல் எல்லாம் சேர்ந்து சுருண்டிருக்கும். அதற்கு 90 அல்லது 100 மிமீ மேக்ரோ, எஃப் 11, ஃபிளாஷ். காட்டிய பிறகும் ஒரு நிமிடம் எங்கே என்று தேடுவீர்கள்.

ஆர்என்7-இல் வரும் அம்பலாவோ என்ற ஊருக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் அன்ஜா. ஊர்க்காரர்களே நடத்துகிற காடு, முப்பது சொச்சம் ஹெக்டேர்தான், மேலே பாறைக்குன்று. வளையவால் லீமர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். நிரலில் இதை ‘வழியில் ஒரு மணி நேரம்’ என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் உச்சிவெயிலில் சேர்வீர்கள், அவை நிழலில் படுத்துக் கிடக்கும். அம்பலாவோவில் இரவு தங்கி விடியலில் போனால் கதையே வேறு. குளிர்ந்த இரவு கழிந்து பாறைமேல் உட்கார்ந்து, கைகளை விரித்து, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். பின்வெளிச்சத்தில் முடியோரம் ஒளிரும். 70-200 போதும். ஆர்என்7-இல் ஒரே ஓர் இடத்தில்தான் கூடுதல் இரவு போட முடியும் என்றால், இசாலோவை விட்டுவிட்டு இங்கே போடலாம். இசாலோவின் மணற்பாறைகள் அழகுதான், ஆனால் பள்ளத்தாக்கு நடைகள் நடுப்பகலில்தான் நடக்கின்றன. மாலையில் ‘சன்னல்’ என்று பேர்பெற்ற பாறைத் துளைக்கு எல்லா வண்டிகளும் வந்து வரிசை கட்டும்.

இசாலோ தாண்டியதும் இலகாகா. 1998-இல் நீலக்கல் கிடைத்த பிறகு முளைத்த ஊர். கல் வாங்க வந்த இலங்கை வியாபாரிகள் இங்கே பல காலமாக இருக்கிறார்கள், எனவே தமிழ் காதில் விழுந்தால் வியக்க வேண்டாம். ஆனால் கேமராவை வெளியே எடுக்கும் ஊர் இது அல்ல. கல் தோண்டும் குழிகளிலும் கல் கடைகளிலும் காவல் உண்டு, படம் எடுப்பவரைச் சந்தேகமாகவே பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பேசி முடித்த பிறகு மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

மேற்குக் கரையின் மொரொன்டாவா தனிப் பயணம். ஆர்என்7-ஓடு சேர்த்துத் தைத்தால் இரண்டும் கெடும். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் வடக்கே, ‘பாவோபாப்’ என்னும் பெருக்கமரங்கள் நிற்கும் சாலை. மன்னாரில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்தவர்கள் அதே உருவத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது ஆப்பிரிக்க இனம், குட்டையும் பருமனுமாகப் பரந்து நிற்பது. இது மடகாஸ்கருக்கே உரிய கிராண்டிடியே இனம், கோயில் தூண் போல முப்பது மீட்டர் வரை நேரே எழுந்து உச்சியில் மட்டும் கிளை விரிப்பது. உலகில் உள்ள எட்டு இனங்களில் ஆறு இந்தத் தீவில் மட்டுமே உண்டு.

எல்லா நிரலும் இங்கே மாலையில் கொண்டுவந்து விடும். சாலை ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போவதால், கிழக்கே நின்றால் மரங்கள் அந்தி வானத்தில் கறுப்புருவங்களாகும், மேற்கே நின்றால் தண்டுகள் செம்பு நிறமாகும். இரண்டையும் ஒரே மாலையில் எடுக்க ஓடுபவர்களுக்கு இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். அதோடு ஐம்பது பேர், பத்துப் பதினைந்து வண்டி, அவை கிளப்புகிற தூசி. தூசி சில நேரம் வரமும்தான், ஒளிக்கற்றைகள் கிடைக்கும். இரண்டு மாலை, ஒரு விடியல் என்று கேளுங்கள். விடியலில் மனிதர்கள் என்றால் மாட்டுவண்டிக்காரரும் தலையில் கூடை வைத்த பெண்களும்தான். 24-70 லென்ஸில் மரம் முழுவதையும் அடக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தண்டுகள் உள்பக்கம் சாயும். பின்னால் நகர்ந்து, கேமராவை மட்டமாக வைத்து, கீழ்ப்பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். பச்சோந்தியைக் குச்சியில் ஏற்றிக்கொண்டு வந்து காசு கேட்கும் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நாளைக்கு இன்னும் இரண்டு பச்சோந்தி காட்டிலிருந்து இறங்கும்.

நட்சத்திரப் படத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அமாவாசையை ஒட்டி. அந்த அட்சரேகையில் பால்வீதியின் நடுப்பகுதி ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வரும். மரத்தையும் அதையும் சேர்க்க 14 மிமீ அளவு அகல லென்ஸ் வேண்டும். எஃப் 2.8, பதினைந்து நொடி, ஐஎஸ்ஓ 3200. ஆனால் இரவில் அங்கே நிற்க ஓட்டுநரும் காவலுக்கு ஒருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதை முன்பே பேசிக் கூலியையும் முடித்துவிடுங்கள். அங்கே போன பிறகு பேசினால் நடக்காது.

இன்னும் வடக்கே கிரிண்டி காட்டில் ஃபோசா என்ற பூனைபோன்ற வேட்டை விலங்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் இணைசேரும் பருவம், அப்போது வாய்ப்பு அதிகம். அதையும் தாண்டிப் பெகோபகாவில் ‘த்சிங்கி’ என்னும் கத்திமுனைச் சுண்ணாம்புப் பாறைகள், 1990-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். இருநூறு கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு இடத்தில் படகில் வண்டியை ஏற்றி ஆறு கடந்து எட்டு முதல் பத்து மணி நேரம்; மழைமாதங்களில் சாலையே கிடையாது. பாறை இடுக்குகளில் இடுப்பில் கயிற்றுப் பட்டை கட்டி ஏற வேண்டும், முதுகில் பெரிய கேமரா பை இருந்தால் இடுக்கில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு உடல், ஓர் அகல லென்ஸ், அவ்வளவுதான். அங்கே மூன்று இரவு ஒதுக்க முடியாதவர் அந்தப் பக்கம் போகாமல் கிரிண்டியிலேயே தங்கிவிடுவது உத்தமம்.

பருவம்: ஜனவரி முதல் மார்ச் வரை புயல். அக்டோபரில் லீமர் குட்டிகள் தாய் முதுகில் ஏறும், பச்சோந்திகளும் தவளைகளும் விழித்துக்கொள்ளும். ஜூலையில் சின்னஞ்சிறு பச்சோந்திகள் கண்ணில் படுவது அரிது, அன்டசிபேயில் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். இலையில்லாத பெருக்கமரமும் பால்வீதியும் வேண்டுபவர் ஜூலைக்குப் போகட்டும், காட்டுயிர் வேண்டுபவர் அக்டோபர் கடைசிக்குப் போகட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மாதம் தேடினால் இரண்டும் சுமாராகத்தான் அமையும்.

பணம் அரியாரி. டாலருக்கு 4,500 அளவில் இருக்கிறது, பெரிய நோட்டே 20,000; நூறு டாலர் மாற்றினால் ஒரு சிறு கட்டு. பூங்கா, வழிகாட்டி, டிப்ஸ் எல்லாம் ரொக்கம் என்பதால் தலைநகரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் 220 வோல்ட், ஐரோப்பிய உருண்டை இருமுள். நம் ஊர் மெல்லிய இருமுள் சார்ஜர் செருகும், மூன்று முள் செருகாது. மின்வெட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது: 2025 செப்டம்பரில் மின்வெட்டையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் அக்டோபரில் ஆட்சியையே மாற்றிவிட்ட நாடு அது. காட்டு விடுதிகளில் ஜெனரேட்டர் மாலை சில மணி நேரம்தான் ஓடும். நான்கு பேட்டரி, வண்டியில் ஏற்றிக்கொள்ளக் கார் சார்ஜர், பெரிய பவர்பேங்க். கேமரா பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, இரவில் பையை மூடியே வையுங்கள்.

ஊருக்கு ஊர் ‘ஃபதி’ என்ற விலக்குகள் மாறும். கல்லறையை விரல் நீட்டிக் காட்டுவது பல இடங்களில் ஆகாது. விரலை மடக்கிக் காட்ட வேண்டும். கல்லறையைப் படம் எடுக்கும் முன் ஓட்டுநரைக் கேளுங்கள். ஆள்களை எடுக்கும் முன் ‘அசஃபாதி’ என்று ஒரு வார்த்தை. தயவுசெய்து, மன்னிக்கவும் இரண்டுக்கும் அதுவே. காவலர்கள், ராணுவம், அரசுக் கட்டடங்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

சாப்பாட்டுக் கவலை நம்மவர்களுக்கு வேண்டாம். மூன்று வேளையும் சோறு தின்கிற நாடு. சாலையோரக் கடையில் சோறு, பீன்ஸ், கீரை, தனியாக ‘சகாய்’ என்ற மிளகாய்த் துவையல். கடைசியில், அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்த ‘ரனோவோலா’ தருவார்கள். கொதித்த நீர் என்பதால் வயிற்றுக்கும் பயமில்லை, வறுத்த மணமும் நன்றாயிருக்கும்.

இந்தியாவிலிருந்து அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருந்தால்தான் செல்லும். உள்நாட்டு விமானங்கள் நேரம் மாறுவது வழக்கம். நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே தலைநகருக்கு வந்துவிட வேண்டும்.

முன்பதிவுக்கு எழுதும்போது சுற்றி வளைக்காமல் இவ்வளவு கேளுங்கள்: மொத்தம் மூன்று ஊர், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு, இடம் மாறும் நாளில் கிழக்கு வெளுத்ததும் புறப்பாடு, பின்வரிசையில் இருவருக்கு மேல் கிடையாது, எரிபொருளும் காலி வண்டித் திரும்பலும் விலைக்குள் எவ்வளவு, ரனோமஃபனாவில் தடம் பார்ப்பவர் உண்டா. இதைப் படித்துவிட்டு ‘ஒரே ஊரில் மூன்று நாள் இருந்து என்ன செய்வீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பவர் கேமராக்காரர்களை ஏற்றிப் பழகாதவர். அடுத்தவருக்கு எழுதலாம்.